வயதுக்கு வரப்போகும் டவுன் சிண்ட்ரோம் மகள்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

மற்ற பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கி வைத்துவிடுகிறேன். கரூர்ப் பக்கம் ஒரு குடும்பம். மகளுக்கு 11 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியும் கற்றலும் மெதுவாகும் நிலை). பேச்சு கொஞ்சம் குழறும், வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும். தானே சாப்பிடுவாள், தானே பாத்ரூம் போவாள், உடை மாற்ற மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். மார்பு வளரத் தொடங்கி ஒரு வருஷம் போல ஆகிறது. மாமியார் சீர் வைப்பதைப் பற்றி இப்போதே பேசுகிறார். நர்ஸாக இருக்கும் நாத்தனார், "கர்ப்பப்பையை எடுத்துடுங்க, அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்கிறார். கணவர் இந்தப் பேச்சு வந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். பத்தாவது படிக்கும் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "இவளால் இதைச் சமாளிக்க முடியுமா?" என்பதுதான் உங்கள் கடைசி வரி.

முடியும். சிறப்பு ஆசிரியையாக எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், அதனால் தைரியமாகவே சொல்கிறேன். தானே பாத்ரூம் போய்க் கழுவிக்கொண்டு வரும் பெண், பேட் மாற்றவும் கற்றுக்கொள்வாள். ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலத்தில் சொல்லி முடிப்பதை இவளுக்குச் சொல்லிப் பழக்கச் சில மாதங்கள் ஆகும். எங்களிடம் வருகிற அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் முதல் மாதவிலக்கு வந்த மறுநாள்தான் வருகிறார்கள். பிள்ளை அலறிக்கொண்டிருக்கும், அம்மா அழுதுகொண்டிருப்பார், பாட்டி தனியாகத் தட்டும் டம்ளரும் எடுத்து வைத்திருப்பார். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் ஏறாது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

எவ்வளவு நேரம்? டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண்கள் மற்ற பெண்களைப் போலவேதான், ஏறக்குறைய அதே வயதில் பூப்படைகிறார்கள். "இவளுக்கெல்லாம் லேட்டாத்தான் வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மார்பு அரும்பியதிலிருந்து முதல் மாதவிலக்குக்குப் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். அதற்குச் சில மாதங்கள் முன்பே ஜட்டியில் வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ கறை படத் தொடங்கும். துவைக்கும்போது கவனியுங்கள். அது தெரிந்துவிட்டால் பயிற்சியைத் தள்ளிப்போட நேரமில்லை என்று அர்த்தம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் பேட் என்ற பொருளே அவளுக்குப் பழக வேண்டும். இந்த வாரமே ஒரு பாக்கெட் வாங்குங்கள். தொடக்கத்தில் இறக்கை வைத்தது வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு விரல்கள் குட்டை, தசைப் பிடிப்பும் தளர்வு. இரண்டு பக்கமும் இறக்கையைப் பிரித்து மடித்து ஒட்டுவது அந்த விரல்களுக்குப் பெரிய வேலை. சாதாரண நேர் பேட் போதும். உடம்பைச் சரியாகப் பிடிக்கிற, வெளிர் நிறப் பருத்தி ஜட்டிகள் நாலைந்தை எடுத்து, உள்பக்கம் பேட் உட்கார வேண்டிய இடத்தைச் சுற்றி நீல நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். மார்க்கரில் வரைந்தால் ரெண்டு துவையலில் போய்விடும். "கோட்டுக்குள்ள ஒட்டு" என்ற ஒரே சொல் போதும். இவர்கள் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்பதில் கெட்டி. முன்னே பின்னே என்று நீங்கள் பத்து தடவை விளக்குவதை அந்த நூல் கோடு ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

முதல் சில நாள் காய்ந்த பேடை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் டிவி பார்க்கட்டும். பிறகு ஒரு மணி நேரம். உறுத்துகிறது என்று பிய்த்துப் போடுவாள், போடட்டும். திட்டாமல் மறுநாள் திரும்ப வையுங்கள். வேறு கம்பெனி பேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் மேற்பரப்பு பிடிக்காமல் பருத்தி மேற்பரப்பைச் சட்டென ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. எதுவுமே ஆகவில்லை என்றால் பீரியட் பேன்ட்டி என்று உள்ளேயே உறிஞ்சும் அடுக்கு வைத்துத் தைத்த ஜட்டிகள் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால் ஒட்டும் வேலையே இல்லை.

அடுத்து, மாற்றுவதைச் சின்னச் சின்னப் படிகளாக உடையுங்கள். கதவைச் சாத்து. ஜட்டியை முட்டிவரை இறக்கு. பழைய பேடைப் பிரி. சுருட்டிப் பேப்பரில் வை. கூடையில் போடு. கழுவித் துடை. புதுசை ஒட்டு. ஜட்டியை மேலே ஏற்று. சோப்புப் போட்டுக் கை கழுவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்துக் கண்ணாடித்தாள் ஒட்டி பாத்ரூம் சுவரில் அவள் கண் உயரத்தில் மாட்டுங்கள். படங்கள் உங்கள் வீட்டு பாத்ரூமில், உங்கள் வீட்டுக் கூடையையும் சோப்பையும் வைத்து எடுத்ததாக இருக்கட்டும். ஆனால் பிள்ளையை அதில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். ஜட்டியை மேஜைமேல் விரித்து வைத்து, உங்கள் கைமட்டும் தெரிய எடுத்தால் போதும். ஒரு பொம்மைக்கு ஜட்டி போட்டும் எடுக்கலாம். போனில் இருக்கும் படம் எங்கே போகும் என்று நம் கையில் இல்லை.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. முதல் படியிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தால் அவள் மூன்றாவது படியிலேயே களைத்துப் போவாள், வேலை முடிந்த திருப்தி அவளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் படியான கை கழுவுவதை மட்டும் அவளிடம் விடுங்கள். "முடிச்சிட்டே!" என்று கை தட்டுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டு படி. அப்புறம் மூன்று. எப்போதும் அவள்தான் முடித்துவைக்கிறவள். சில வாரம் கழித்து நீங்கள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினால் போதும் என்ற நிலை வரும்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேடைக் கையில் கொடுத்தால் பின்பக்கத் தாளை உரிப்பாள், தாளைத் தன் மணிக்கட்டில் வளையல் மாதிரிச் சுற்றிக்கொள்வாள், பேடைக் கீழே போட்டுவிடுவாள். அவளுக்கு அந்த வழவழத் தாள்தான் வேண்டும். சரி, தாளே கூலியாக இருக்கட்டும் என்று விட்டோம். பேடைக் கோட்டுக்குள் ஒட்டிவிட்டுத் தாளை எடுத்துக்கொள்ளலாம் என்று வரிசையை மாற்றினோம். கொஞ்ச நாளில் அவள் அம்மா சிரித்துக்கொண்டே வந்து, வீட்டுச் சாமி அலமாரிக் கதவு முழுக்க அந்தத் தாளாக ஒட்டி வைத்திருக்கிறாள் என்றார். ஆனால் பேட் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது! உங்கள் மகளுக்கும் இப்படி ஏதாவது ஒரு பிடி இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது என்னைவிட உங்களுக்கு எளிது.

ரத்தம் பற்றிய பயம்தான் பெரிய விஷயம். அவளுக்கு ரத்தம் என்றால் காயம், காயம் என்றால் ஊசி. அதனால் முன்கூட்டியே சிவப்பைப் பழக்குங்கள். பீட்ரூட் சாறு கொஞ்சம் பேடில் ஊற்றி, "பார், சிவப்பு வந்திருக்கு, மாத்தணும்" என்று காட்டுங்கள். உங்களுக்கு மாதவிலக்கு வரும் நாட்களில் நீங்கள் கழற்றிய பேடை அவளுக்குக் காட்டலாம். கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனால் அம்மாவுக்கும் வருகிறது, அம்மா அழவில்லை என்று கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. சொல்கிற வாக்கியம் ஒன்றாகவே இருக்கட்டும்: "இது காயம் இல்லை. பெரிய பொண்ணுங்க எல்லாருக்கும் வரும். நாலஞ்சு நாள்ல போயிடும்." அம்மா ஒரு விதமாக, பாட்டி ஒரு விதமாக, டீச்சர் ஒரு விதமாகச் சொன்னால் அவள் குழம்பிப்போவாள். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார் என்றால் முதல் மாணவி மாமியார்தான், மகள் அப்புறம்.

நனைந்துவிட்டது என்று அவளாகவே உணர்ந்து மாற்றுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நேரத்தோடு கட்டிவிடுங்கள். எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் முன், மதியச் சாப்பாட்டுக்கு முன், வீடு திரும்பியதும், படுக்கும் முன். சாப்பாட்டை அவள் மறக்கமாட்டாள், அதனால் இதையும் மறக்கமாட்டாள். பள்ளிப் பையில் ஒரு சின்னப் பையில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, மடித்த செய்தித்தாள். வகுப்பு டீச்சரிடமும் பள்ளி ஆயாவிடமும் இப்போதே பேசிவையுங்கள். அந்த நாட்களில் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று சில பள்ளிகள் நாசூக்காகச் சொல்கின்றன. ஒத்துக்கொள்ளாதீர்கள். மாதத்தில் அஞ்சு நாள் நின்றால் பழக்கம் முழுவதும் அறுந்துபோகும், கொஞ்ச காலத்தில் பள்ளியே நின்றுபோகும். பெண் பிள்ளைகள் 13, 14 வயதில் சிறப்புப் பள்ளியிலிருந்து காணாமல் போவதற்கு நான் பார்த்தவரை இதுதான் காரணம்.

இனி நாத்தனார் சொன்னது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகளாகப் புழங்குகிற யோசனை இது. ஆனாலும் தவறான யோசனை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்கள் அவரிடம் பேச வேண்டியிருக்கும்.

கர்ப்பப்பையை எடுப்பது பெரிய அறுவை சிகிச்சை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருப்பதும் உண்டு, மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் போடும்போது கழுத்தை வளைப்பதில் அதற்கெனத் தனிக் கவனம் வேண்டும். நோய் எதுவும் இல்லாத ஒரு சிறுமியை, துணி துவைக்கும் சிரமத்துக்காக இந்த ஆபத்துக்குள் தள்ள வேண்டுமா? சினைப்பையை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் ரத்தம் நிற்கும், ஹார்மோன் ஏற்ற இறக்கம் நிற்காது. அந்த நாட்களின் எரிச்சலும் அழுகையும் அப்படியே இருக்கும். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் எலும்பு சிறு வயதிலேயே தேயத் தொடங்கும்.

இதற்குப் பின்னால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் இருக்கிறது: யாராவது அவளிடம் தவறாக நடந்து கர்ப்பமாகிவிட்டால்? டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண்கள் கருத்தரிக்க முடியும் என்பது உண்மை, அதனால் பயம் நியாயம்தான். ஆனால் கர்ப்பப்பை இல்லாவிட்டால் தவறு நடக்காது என்று ஆகிவிடாது. நடந்தது வெளியே தெரியாது, அவ்வளவுதான். தவறு செய்பவனுக்குத்தான் அது பாதுகாப்பு.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, சம்பந்தப்பட்டவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் கருவுறும் தன்மையைப் போக்கும் எந்த மருத்துவ நடைமுறையையும் செய்யக்கூடாது என்கிறது. பெற்றோர் கையெழுத்து போட்டால் போதும் என்று அதில் இல்லை. இந்த நிலைக்குப் பின்னால் கதை உண்டு. 1994இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் என்ற ஊரின் அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குப் புனேயில் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடத்தினார்கள். சுத்தமாக வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் சொன்ன காரணம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகு நிறுத்தப்பட்டது. அந்த விடுதியில் பேட் மாற்றக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததா என்பதுதான் அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அதற்காக, எவ்வளவு கஷ்டப்பட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லவில்லை. மகப்பேறு மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. முதலில் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை. டவுன் சிண்ட்ரோமில் தைராய்டு குறைபாடு மிகச் சகஜம், வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டியது. தைராய்டு குறைந்தால் ரத்தப்போக்கு அதிகமாகும், நாள் தப்பும். அதற்கு மாத்திரை கொடுத்ததும் மாதவிலக்குத் தொல்லையும் பாதி அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கும், நடத்தைக்காக ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பிள்ளைக்கும் மாதவிலக்கு முறை தவறலாம், அந்த மருந்துச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. 3 மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஹார்மோன் ஊசியைச் சிலர் சொல்வார்கள். அது எடையைக் கூட்டலாம், எலும்பின் அடர்த்தியைக் குறைக்கலாம். ஏற்கெனவே எடை போடும் உடம்பு இவர்களுடையது என்பதால் யோசித்துத்தான் செய்ய வேண்டும். எல்லாமே நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய வழிகள், அறுவை சிகிச்சை அப்படியல்ல.

மாதவிலக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் முறையில்லாமல்தான் வரும். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஒரு பேட் ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைந்தால், அல்லது 8 நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது 15 வயதாகியும் வரவே இல்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேட் என்று எழுதிவையுங்கள், டாக்டருக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது. அந்த நாட்களில் சிவப்பு ஸ்டிக்கரை அவளே ஒட்டட்டும். வலியை அவள் சொல்லமாட்டாள், காட்டுவாள். குப்புறப் படுத்துக்கொள்வாள், கையைக் கடிப்பாள், பிடித்த சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள், ஒரு காரணமும் இல்லாமல் அண்ணனை அடிப்பாள். இதைப் பிடிவாதம் என்று நினைத்து வீட்டில் அடித்துவிடுகிறார்கள். காலண்டரோடு பொருத்திப் பார்த்தால் புரிந்துவிடும். வலிக்கு மெஃபனமிக் ஆசிட் போன்ற மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு, முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. உடல் வளரும்போது வீட்டு வழக்கம் மாற வேண்டும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பாசக்காரர்கள், வந்தவர் போனவர் எல்லோரையும் கட்டிக்கொள்வார்கள், நாமும் அதை ரசிப்போம். 11 வயதில் இதை நிறுத்த வேண்டும். வீட்டு ஆட்களுக்குக் கட்டிப்பிடி, தெரிந்தவர்களுக்கு வணக்கம், தெரியாதவர்களுக்கு ஒன்றுமில்லை. பால்காரர், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லோரும் வணக்கத்தில் அடங்குவார்கள். தாத்தா கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். உடை மாற்றுவது கதவு சாத்தி மட்டுமே, ஹாலில் இல்லை. பாத்ரூமில் அவளுக்கு உதவக்கூடியவர்கள் இன்னின்னார் என்று ஒரு சிறு பட்டியல், அவர்கள் படத்தோடு. அந்தப் பட்டியலில் இல்லாத யார் தொட்டாலும் கத்து, ஓடு, அம்மாகிட்ட சொல். உடல் உறுப்புகளுக்கு வீட்டுச் செல்லப்பெயர் வைக்காமல், யாருக்கும் புரிகிற பெயரையே பழக்குங்கள். நாளைக்கு அவள் ஏதாவது சொன்னால் கேட்பவருக்குப் புரிய வேண்டும்.

"அவளுக்கு மூணு வயசுக் குழந்தை மனசு" என்று வீட்டில் சொல்கிறோம். அப்படி நினைத்துக்கொண்டிருப்பதால்தான் 12 வயதுப் பெண்ணை ஹாலில் வைத்து உடை மாற்றிவிடுகிறோம். ஏதேனும் நடந்துவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், இப்படிப்பட்ட பிள்ளை வாக்குமூலம் கொடுக்கும்போது சிறப்பு ஆசிரியரின் உதவியைப் பெற இடமிருக்கிறது. பிள்ளைக்குச் சரியாகப் பேச வராது, வழக்கு நிற்காது என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மாமியாரின் சீருக்கு வருவோம். இதில் என் கருத்தைத்தான் சொல்கிறேன், முடிவு உங்கள் குடும்பத்துடையது. சீர் செய்ய வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் அந்தப் பெரியவர் மனதில் ஒன்று மட்டும் பதியும்: "என் பேத்தியை மற்ற பிள்ளைங்க மாதிரி நினைக்கலை." பல பாட்டிகளுக்கு இந்த ஆசைக்குப் பின்னால் இருப்பது அதுதான், மரியாதை. அதனால் சீர் நடக்கட்டும், வீட்டுக்குள். தாய்மாமன் புடவை கொண்டுவரட்டும், மஞ்சள் நீர் ஊற்றட்டும், பத்துப் பேர் சாப்பிடட்டும். மண்டபம், ரேடியோ செட், ஃப்ளெக்ஸ், வீடியோ வேண்டாம். சத்தமும் கூட்டமும் பட்டுப்புடவையும் பூமாலையும் ஒரே நாளில் அவளுக்குத் தாங்காது, மேடையில் அழுவாள். அதற்கு மேல், இந்த வீட்டில் இப்படி ஒரு பெண் வயதுக்கு வந்திருக்கிறாள் என்று ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்துச் சொல்வது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை.

தனியாக உட்காரவைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நேற்றுவரை மடியில் வைத்துக் கொஞ்சிய பாட்டி இன்று தள்ளிப் போ என்றால், தீட்டு என்ற விளக்கமெல்லாம் அவளுக்கு ஏறாது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம், அதுவும் அந்தச் சிவப்பால்தான் என்று புரிந்துகொள்வாள். அடுத்த மாதம் கறையான ஜட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். நீங்கள் மாதக்கணக்கில் பழக்கியது அந்த ஒரு வாரத்தில் கரைந்துவிடும். உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் தாராளமாகக் கொடுக்கட்டும், எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாவிட்டால் முதலில் அது. வளரிளம் பெண்களுக்கான புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் வருகிறது, பள்ளியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். அறிவுசார் குறைபாடு போன்ற நிலைகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, டவுன் சிண்ட்ரோமுக்கு அறிவுசார் குறைபாடு என்ற வகையில் பொருந்தும்.

உங்கள் கணவர். எழுந்து போகிறவரைப் பிடித்து உட்காரவைத்து இந்தப் பேச்சைப் பேசினால் நடக்காது. பேச வேண்டாம், வேலை கொடுங்கள். பாத்ரூமில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு அலமாரி. உள்ளே அவளால் போடத் திறக்க முடிகிற, வெளியிலிருந்து அவசரத்துக்குத் திறக்கக்கூடிய தாழ்ப்பாள். காலால் மிதித்தால் திறக்கிற மூடிக் கூடை. மாதம் ஒரு முறை பேட் பாக்கெட் வாங்கி வருவது. இதையெல்லாம் செய்யும்போதே அவருக்கு விஷயம் கைவசமாகிவிடும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்றவற்றை அப்பா இனி செய்யாமல் இருப்பது நல்லது. ஆனால் நீங்கள் காய்ச்சலில் படுத்தாலோ ஊருக்குப் போக நேர்ந்தாலோ கதவுக்கு வெளியே நின்று "இப்ப பேப்பர்ல சுருட்டு, இப்ப கூடையில போடு" என்று வரிசை தப்பாமல் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் இருக்கிற படம் அவருக்கும் சேர்த்துத்தான்.

மகனைப் பற்றி ரொம்பத் தயங்குகிறீர்கள். அவன் பத்தாவது அறிவியல் பாடத்தில் மாதவிடாய் சுழற்சியைப் படம் வரைந்து படிக்கிறான், தேர்வுக்கு எழுதவும் போகிறான். புத்தகத்தில் இருப்பதை வீட்டில் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். "தங்கச்சிக்குச் சீக்கிரம் பீரியட்ஸ் வரும். அவ ஒருவேளை பேடைக் கையில எடுத்துக்கிட்டு ஹாலுக்கே வந்துடுவா. நீ கத்தாதே, சிரிக்காதே. பாத்ரூமுக்குப் போ, அம்மாவைக் கூப்பிடுன்னு மட்டும் சொல்லு." இவ்வளவுதான் அவன் வேலை. அதற்கு மேல் அவனிடம் எதையும் ஏற்றாதீர்கள். "எங்களுக்கு அப்புறம் நீதான்டா பார்த்துக்கணும்" என்ற வசனத்தைப் பொதுத்தேர்வு எழுதும் பையனிடம் தினமும் சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பையன்கள் வெளியூர்க் கல்லூரியைத் தேடி ஓடிவிடுகிறார்கள். மகளுக்கு 18 ஆனதும் சட்டப்படியான காப்பாளர் யார் என்பதை, 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்கீழ் கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து முடிவு செய்துகொள்ளலாம். முதலில் நீங்களும் கணவரும் இருப்பீர்கள். அதற்கு இன்னும் 7 வருஷம் இருக்கிறது. இப்போதைக்கு நூலும் ஊசியும் எடுத்து அந்த ஜட்டிகளில் கோடு போட்டு வையுங்கள். முதல் மாதம் முடிந்ததும் காலண்டரில் குறித்ததை எழுதி அனுப்புங்கள், எந்தப் படியில் தடுக்குகிறது என்று பார்ப்போம்.